கலப்பை யாருடையது?

(பர்லியாரில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய உரை)



மேட்டுப்பாளையத்திலிருந்து ஆலைத் தோழர்கள் மலையேறி வந்திருக்கிறீர்கள். குன்னூர்ப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்கும் தாய்மார்கள் இறங்கி வந்திருக்கிறீர்கள். காரமடை, சிறுமுகை வட்டாரத்திலிருந்து விவசாயத் தொழிலாளர்கள் வந்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் நடுவழி என்பதால்தான் பர்லியாரைத் தேர்ந்தெடுத்தோம்.

இன்றைய வகுப்பு கம்ப்யூட்டரைப் பற்றியது என்றதும் ஒரு தோழர் நம்மிடம் கேட்டார்: "கூலி உயர்வைப் பேசாமல் இதென்ன தோழர், பெரிய இடத்துச் சமாச்சாரம்?"

நியாயமான கேள்வி. பதில் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. செல்போன் இல்லாதவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். தேயிலைக் கறை ஏறி, தேய்ந்து போன விரல். யந்திரம் "ஆள் தெரியவில்லை" என்கிறது. ஆலைத் தோழரின் பிராவிடண்ட் பண்டுப் பணம் பெயரில் ஓர் இங்கிலீஷ் எழுத்து மாறியதற்காக நிற்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போனில் நாளைக்கு இரண்டு முறை படம் பிடித்து வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. டவர் கிடைக்காத இடத்தில் பாடுபட்டவர்களின் வருகை பதிவாகவில்லை, கூலி போயிற்று என்று பல மாநிலங்களிலிருந்தும் புகார் எழுந்தது.

இது எதைக் காட்டுகிறது? நம் உழைப்புக்கும் நம் கூலிக்கும் நடுவே இன்று ஒரு யந்திரம் நிற்கிறது. அந்த யந்திரத்தை வடிவமைத்தவர் யார்? யாரைக் கேட்டு வடிவமைத்தார்? கோளாறு வந்தால் திருத்தும் உரிமை யாருக்கு? இவை கூலிப் பிரச்னையே அல்லவா?

அட்டையும் தறியும்

மென்பொருள் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். நெசவு தெரிந்தவர்களுக்கு அது புரியாத சங்கதியே அல்ல.

சேலைக் கரைக்குப் பூப்போடும் ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். துளை இருக்கும் இடத்தில் ஒரு இழை தூக்கும். இல்லாத இடத்தில் தூக்காது. அட்டையை மாற்றினால் மயில் போய் மாங்காய் வரும். தறி அதேதான், அட்டைதான் வேறு. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் செய்த ஏற்பாடு இது. பின்னால் 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித அறிஞர், கணக்குப் போடும் யந்திரத்துக்கும் இதே துளை அட்டையைப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டார். இன்றைய கம்ப்யூட்டரின் பாட்டன் நெசவுத் தறி!

தறி என்பது வன்பொருள். அட்டை என்பது மென்பொருள். செல்போனுக்குள் ஓடுவதும் ஒருவகை அட்டைதான். கண்ணுக்குத் தெரியாத அட்டை. அந்த அட்டையில் என்ன துளையிட்டிருக்கிறது என்று பார்க்க நமக்கு அனுமதி உண்டா, திருத்த அனுமதி உண்டா, பக்கத்துத் தறிக்காரருக்குக் கொடுக்க அனுமதி உண்டா? இன்றைய பேச்சு முழுவதும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடக்கம்.

கைக்கும் யந்திரத்துக்கும் நடுவே

யந்திரத்தில் மனிதன் தொடும் பகுதி ஒன்று உண்டு: கைப்பிடி, மிதி, பொத்தான், திரை. இதைப் படித்தவர்கள் "இடைமுகம்" என்கிறார்கள். யந்திரம் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை இந்த இடைமுகமே காட்டிக் கொடுத்துவிடும்.

லங்காஷயர் பஞ்சாலைகளில் ஒரு பழக்கம் இருந்தது. நாடாவில் புதிய நூலைக் கோக்க வேண்டுமானால், நெசவாளி அதன் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரே நாடாவில் பல பேர் வாய் வைப்பார்கள். பஞ்சுத் தூசியும் எண்ணெயும் உள்ளே போகும். ஒருவர் நோய் மற்றவருக்குத் தொற்றும். கையால் கோக்கும் நாடாவைச் செய்ய முடியாமலா இருந்தது? முடியும். வாயால் உறிஞ்சுவது சில விநாடிகள் மிச்சம். அதனால் முதலாளிக்கு அதுவே சௌகரியம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணம் 1911-இல் சட்டம் போட்டு அந்த நாடாவைத் தடை செய்தது. மோசமான வடிவமைப்பின் விலையை யார் கொடுத்தார்கள்? வடிவமைத்தவன் அல்ல, வாய் வைத்தவன்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நாம் கூடியிருக்கும் இந்த மலையில் ஏறும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் வந்தது. கல்லாறுக்கு மேல் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும். ஆகவே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து ஏறுகிறது. ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினீயர் கண்ட முறை. அத்தோடு விட்டார்களா? எஞ்சினைக் கீழ்ப்பக்கம் வைத்தார்கள். பெட்டிகள் பின்னால் உருண்டால் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்காரரையும் வைத்தார்கள். யந்திரம் தவறும் என்று எதிர்பார்த்து, தவறினால் மனிதன் சாகக் கூடாது என்று நினைத்துச் செய்த வேலை அது.

ரேஷன் கடை யந்திரத்துக்கும் இந்தப் புத்தி வேண்டாமா? விரல் பதியாவிட்டால் அரிசி இல்லை என்பது பிரேக் இல்லாத ரயில்.

நாம் செய்த தவறு

மற்றவர்களைக் குறை சொல்லும்போது நம் தவறையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துண்டுப் பிரசுரம், சுவரொட்டி, மனுப் படிவம் இவற்றை அமைக்கும் வேலை நம் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த வகையில் நாமும் ஒரு வடிவமைப்பாளர்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத் தொழிலாளர்களின் சர்வீஸ் விவரங்களைச் சேகரிக்க செல்போனில் ஒரு படிவம் தயாரித்தோம். நமக்கு ஏகப் பெருமை. ஒன்பது பக்கம். இருபத்தேழு கேள்வி. கடைசியில் "சமர்ப்பி" என்று ஒரு பச்சைப் பொத்தான். பர்லியாரிலேயே, ஒரு பலாப்பழக் கடை ஓரத்தில் உட்கார்ந்து, கொழுந்து பறிக்கும் ஒரு மூத்த அம்மாவிடம் கொடுத்தோம்.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி, சமர்ப்பின்னா கோயில்ல பண்றதில்லையா?" என்றார்.

"இல்லைங்கம்மா, அனுப்புன்னு அர்த்தம்."

"அப்ப அனுப்புன்னே போடறதுதானே? இதை யாருக்குப் போட்டீங்க, எங்களுக்கா, உங்களுக்கா?"

நாம் வாயடைத்துப் போனோம். அதோடு முடியவில்லை. ஆறாவது பக்கத்தில் டவர் போயிற்று. அவர் கால் மணி நேரம் சொல்லச் சொல்ல எழுதிய அத்தனையும் அழிந்தது. அவர் கோபிக்கவில்லை. "பறிச்ச கொழுந்தை எடை போடறதுக்கு முன்னால கொட்டிட்டீங்க" என்றார். அதைவிடக் கடுமையான விமர்சனத்தை நாம் எந்தக் கமிட்டியிலும் கேட்டதில்லை.

படிவத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி செய்தோம். ஒரு பக்கத்தில் ஒரே கேள்வி. எழுத்து பெரிது. வாய்ச் சொல்லே பொத்தானில் சொல். எழுதியது முதலில் போனிலேயே தங்கும்; டவர் வந்ததும் தானாகப் போகும். தவறாகத் தொட்டால் பின்னால் போய்த் திருத்தலாம். படிக்கத் தெரியாதவருக்குக் கேள்வியைக் குரலாகவும் வைத்தோம். இருபத்தேழு கேள்வியில் பதினாறு நமக்கே தேவையில்லாதது என்றும் அப்போதுதான் தெரிந்தது!

இதிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்று. பயன்படுத்துகிறவரிடம் கேட்காமல் செய்யும் எந்தக் கருவியும், செய்தவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும், மேலிருந்து வரும் உத்தரவாகத்தான் முடியும்.

தமிழ் எழுத்து பட்ட பாடு

இனி இந்த யந்திரத்துக்குள் நம் தமிழ் எப்படி வந்தது என்ற கதையைப் பார்ப்போம். இந்தக் கதையில் நம் சங்கத்தின் கதையும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கு எழுத்து 247. தட்டச்சு யந்திரத்தில் இருப்பதோ நூற்றுக்கும் குறைவான இடம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன ஆர். முத்தையா என்பவர் இந்தச் சிக்கலை அவிழ்த்தார். புள்ளி விசையைத் தட்டினால் புள்ளி விழும், ஆனால் தாள் நகராது; அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து புள்ளிக்கு அடியில் உட்காரும். "நகரா விசை" என்று இதற்குப் பெயர். ஜெர்மனியில் அந்த யந்திரத்தைச் செய்து வாங்கினார்கள். பெரியார் 1935-இல் தம் பத்திரிகையில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக சர்க்கார் 1978-இல் ஏற்றது. அதனால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் பாரம் குறைந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இங்கேதான் குழப்பம். அச்சாபீஸ் கேஸைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். கேஸில் சின்னச் சின்ன அறைகள். 'க' ஓர் அறையில், 'ங' ஓர் அறையில். கம்பாசிட்டர் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி 256 அறைகள். முன்பாதியில் இங்கிலீஷ் குடியேறிவிட்டது. பின்பாதி 128 அறையில் தமிழை வைக்க வேண்டும். எந்த அறையில் எந்த எழுத்து? எழுத்துரு விற்ற ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி வைத்தது. ஒருவர் 'க' வைத்த அறையில் இன்னொருவர் 'டூ' வைத்தார். ஒரு கம்பெனியின் எழுத்தில் அடித்ததை அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறந்தால், இங்கிலீஷ் எழுத்துக்குக் கொம்பும் வாலும் முளைத்தாற்போல் ஏதோ தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. ஒரு பொது அறை வரிசையும், "தமிழ்99" என்ற பொது விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. தமிழ்99 நல்ல வடிவமைப்புக்கு ஓர் உதாரணம். உயிரெழுத்தெல்லாம் இடக்கையில், மெய்யில் பெரும்பாலானவை வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ: நான்கே தட்டு. தமிழின் இலக்கணமே யந்திரத்துக்கு வழி சொல்கிறது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான "யூனிகோடு" என்ற ஏற்பாட்டில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக சர்க்கார் அதை ஏற்றது. இன்று யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் பர்லியாரிலும் 'க' என்பதற்கு ஒரே எண். கம்பெனி செத்தாலும் எழுத்து சாகாது.

பூட்டிய பட்டியல்

இது நமக்கு ஏன் உயிர்ப் பிரச்னையாயிற்று என்று சொல்கிறோம்.

இந்த மலையில் தேயிலை விலை வீழ்ந்த காலத்தில் ஒரு தோட்டம் மூடப்பட்டது. அதில் உழைத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர், சேர்ந்த ஆண்டு, பாக்கி கிராஜுவிட்டி எல்லாவற்றையும் லயன் லயனாக ஏறி இறங்கி எழுதினோம். 2003-இல் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அடித்து வாங்கினோம். ஒரு தாள் பிரதி, ஒரு சி.டி. அவ்வளவுதான். வழக்கு இழுத்தது. 2009 நவம்பரில் நீலகிரியைச் சிதைத்த பெருமழையில் சங்க அலுவலகத்தின் கூரை ஒழுகிற்று. தாள் பிரதி கூழாயிற்று. "சி.டி. இருக்கிறதே" என்று தைரியமாக இருந்தோம்.

2022-இல் பட்டியல் மறுபடி தேவைப்பட்டது. சி.டி.யைப் போட்டால் ஒரு வரி புரியவில்லை. அடித்த கடை மூடிப் பல வருஷம். அந்த எழுத்துருவை விற்றவர்கள் தொழிலை விட்டுவிட்டார்கள். அதை ஓட்டுவதற்குக் கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டுக் கட்டை சொருக வேண்டுமாம். அது எங்கே போயிற்றோ! பட்டியல் இருக்கிறது, படிக்க முடியாது. முப்பது வருஷம் கொழுந்து பறித்த ஒரு தாயின் பெயர், யாருடைய பூட்டுக்குள்ளேயோ சிக்கிக் கிடக்கிறது. அந்தப் பெயர்களில் சிலர் அதற்குள் இறந்தும் போனார்கள்.

தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒருவன், காலேஜில் படிப்பவன், உதவிக்கு வந்தான். சர்க்கார் கொடுத்த மடிக்கணினிதான் அவனிடம் இருந்தது. பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு பொது மென்பொருளை இணையத்திலிருந்து எடுத்தான். அதில் பல எழுத்துருக்களின் அறை வரிசை இருந்தது, நம்முடையது இல்லை. கதை முடிந்தது என்று நினைத்தோம்.

அவன் சிரித்தான். "அண்ணா, இது திறந்த மென்பொருள். இல்லைன்னா நாமே சேர்க்கலாம்" என்றான்.

அதே கடையில் அந்தக் காலத்தில் அடித்த ஒரு மே தின நோட்டீஸ் நம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் கோப்பும் அதே சி.டி.யில் இருந்தது. நோட்டீஸில் 'தொ' இருக்கும் இடத்தில் கோப்பில் என்ன கோணல் எழுத்து, 'ழி' இருக்கும் இடத்தில் என்ன என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அறை வரிசையை எழுதினான். நான்கு இரவு. ஐந்தாம் நாள் காலையில் திரையில் முதல் பெயர் தமிழில் வந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்தப் பெயரை உரக்கப் படித்தோம். அடுத்த பெயரையும் படித்தோம். எல்லாப் பெயரையும் படித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை, தோழர்களே. ஆனால் பட்டியல் தாக்கலாகிவிட்டது. அந்தப் பையன் தான் எழுதிய அறை வரிசையை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்துவிட்டான். எங்கோ ஒரு சங்கத்துக்கு, ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது நாளை பயன்படலாம்.

பூட்டிய மென்பொருள் நம்மைக் கைவிட்டது. திறந்த மென்பொருள் கைகொடுத்தது. அது முன்கூட்டியே முழுமையாக இருந்ததாலா? இல்லை. குறையை நாமே திருத்த அது அனுமதித்ததால்.

கட்டற்ற மென்பொருள்

இந்த அனுமதி வானத்திலிருந்து விழவில்லை. ஒரு பிரிண்டரில் தாள் சிக்கியதிலிருந்து பிறந்தது!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் வேலை பார்த்தார். பல பேருக்குப் பொதுவாக வேறு மாடியில் ஒரு பிரிண்டர். தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது. தாள் சிக்கியதும் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி பழைய பிரிண்டரின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் புது பிரிண்டர் வந்தது, அதுவும் சிக்கிற்று. திருத்தலாம் என்றால் அதன் மூலநிரலைத் தர மறுத்தார்கள். அது இருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார் அவர். தொழிலாளி தொழிலாளிக்கு உதவக் கூடாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தம்! இது நம் ஆலைகளுக்குப் புதிதா?

1983-இல் ஸ்டால்மன் "குனு" என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே பார்த்துப் படித்து மாற்றலாம், பிரதி எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கும் உரிமைகள். 1989-இல் அவர் வெளியிட்ட பொது உரிமம் இன்னொரு நிபந்தனையும் போட்டது: இதை எடுத்துத் திருத்தி வெளியிடுகிறவன் அதே உரிமையைப் பிறருக்கும் கொடுத்தாக வேண்டும். பொதுக் கிணற்றில் மொண்டவன் கிணற்றுக்கு வேலி போடக் கூடாது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், "லினக்ஸ்" என்பதன் முதல் வடிவை வெளியிட்டார். உலகெங்குமிருந்து முகம் பாராதவர்கள் கைகோத்தார்கள். 2017 முதல் உலகின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

இங்கிலீஷில் 'சும்மா'வுக்கும் 'சுதந்திர'த்துக்கும் ஒரே சொல்லாம். அதனால் அவர்களுக்கு ஓயாத குழப்பம். தமிழ் தெளிவாகச் சொல்லிவிட்டது: "கட்டற்ற மென்பொருள்". இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு. முதலாளி இலவசமாகக் கொடுத்த வேட்டிக்கும், நம் சொந்த நிலத்துக்கும் உள்ள வித்தியாசம்.

தமிழர்களும் இதில் சளைக்கவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய "மதுரைத் திட்டம்", சுவிட்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோர் முன்நின்றது. பல நாட்டுத் தமிழர்கள் சம்பளமில்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து பொதுவில் வைத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதை வளர்த்ததில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து மயூரநாதன். தொழிலால் கட்டடக் கலைஞர்.

"எ-கலப்பை"யைச் சொல்லாமல் விட முடியாது. கம்ப்யூட்டரில் தமிழை அடிக்க உதவும் கருவிக்கு முகுந்தராஜும் அவரது "தமிழா!" குழுவினரும் வைத்த பெயர் அது. உழுகிறவனின் கருவியைப் பெயராக வைத்தார்களே, அதுவே ஒரு மரியாதை! ஆனால் அதிலும் ஒரு பாடம் உண்டு. முதல் கலப்பையின் கொழு கடன் வாங்கியது. உள்ளே ஓடிய எஞ்சின் வேறொரு கம்பெனியுடையது. பின்னால் அதையும் தாங்களே எழுதிப் பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். கலப்பை நம்முடையது, கொழு பிறருடையது என்றால் உழவு யாருடையது?

நம் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்கள் கட்டற்ற மென்பொருளில் ஓடுகின்றன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்தத் திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனமே 2019-இல் கணக்குச் சொன்னது. நம் தமிழகத்திலும் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய "பாஸ்" லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது.

இதிலும் சுரண்டல் உண்டு

எல்லாம் திறந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் பையில் உள்ள ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் லினக்ஸ். ஆயிரக்கணக்கானவர் பொதுவில் உழைத்தது. அதன் மேல் பெருங்கம்பெனி தன் கடையைக் கட்டிக்கொண்டு லாபம் அடிக்கிறது. அடிமண் பொது, மேல்மாடிக்குப் பூட்டு.

இன்னொன்று சொல்கிறோம். இணையத்தில் பணமும் ரகசியமும் போகும் வழிக்குப் பூட்டாக உலகெங்கும் "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." என்ற திறந்த மென்பொருள் பயன்பட்டது. 2014-இல் அதில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. உலகமே பதறியது. அப்போதுதான் விசாரித்தார்கள்: அதைக் கவனிக்க முழுநேரமாக இருந்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் இந்தக் காவலாளியை ஒருநாளும் நினைக்கவில்லை! பொது என்றால் யாரும் கூலி கொடுக்க வேண்டாம் என்பது முதலாளியின் அகராதி. பொது என்றால் எல்லோரும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நம் அகராதி.

திறந்த மென்பொருள்காரர்களிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. அவர்களில் பலர் தங்களைப் போன்ற நிபுணர்களுக்காகவே செய்கிறார்கள். "மூலநிரல் இருக்கிறதே, பார்த்துக்கொள்" என்கிறார்கள். மூலநிரல் திறந்திருக்கிறது, சரி. கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு வாசல் திறந்திருக்கிறதா? அவர் சொல்லும் குறையைக் கேட்டு எழுத ஓர் ஆள் இருக்கிறாரா? கதவு அகலமாக இருந்து, படி ஆளுயரத்துக்கு இருந்தால் யார் ஏறுவது? இந்தப் படியைத் தாழ்த்தும் வேலை நம் வேலை.

நாம் செய்ய வேண்டியது

பேச்சோடு கலைந்தால் இன்று வந்த பஸ் சார்ஜ் நஷ்டம். ஆகவே ஐந்து வேலைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: நம் சங்கத்தின் எல்லாப் பட்டியலும், ரசீதுப் புத்தகமும், தீர்மானமும் இனி யூனிகோடு தமிழில் மட்டும். ஒவ்வொன்றும் மூன்று இடத்தில் இருக்க வேண்டும்; அதில் ஒன்று தாளில்.

இரண்டு: கிளைக்கு இரண்டு பேர் தமிழ்99 விசைப்பலகையும் ஒரு திறந்த மென்பொருளும் கற்க வேண்டும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். "நமக்கு வராது" என்று எந்தத் தாயும் சொல்ல வேண்டாம். நாள் முழுதும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரலுக்கு இது பெரிய வித்தையல்ல.

மூன்று: நாம் எதைத் தயாரித்தாலும், எழுத்து வாசனை குறைந்த தோழரிடம் முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டும். அவர் தடுமாறினால் தவறு அவருடையதல்ல.

நான்கு: யந்திரம் மறுத்த இடத்தில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். என்ன நாள், என்ன நேரம், திரையில் என்ன வந்தது, எத்தனை பேர் கூலியோ அரிசியோ இழந்தார்கள் என்று எழுதி வையுங்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைத்தான் குறையறிக்கை என்கிறார்கள். அதுவே நம் கோரிக்கைக்கும் ஆதாரம்.

ஐந்து: சர்க்காரிடம் நம் கோரிக்கை. கூலியும் வருகையும் ரேஷனும் பதியும் எந்த மென்பொருளும் தமிழில் பேச வேண்டும். டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்ய வேண்டும். யந்திரம் தவறினால் தாளில் பதிய உடனே வழி இருக்க வேண்டும். ஜனங்களின் பணத்தில் செய்த மென்பொருளின் மூலநிரல் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நாம் எல்லோரும் அதைப் படிக்க முடியாமலிருக்கலாம். நம் பிள்ளைகள் படிப்பார்கள்.

தோழர்களே! இந்தப் பர்லியார்ப் பண்ணையில் மங்குஸ்தான் காய்க்கிறது. அது இந்த மண்ணில் பிறந்த மரமல்ல. கடல் கடந்து கிழக்கேயிருந்து வந்தது. யாரோ கொண்டுவந்தார்கள், யாரோ நட்டார்கள், யாரோ நீரூற்றினார்கள். கொடுத்த மண்ணில் அந்த மரம் குறைந்துவிடவில்லை. நமக்கும் நிழல் கிடைத்தது. அறிவும் அப்படித்தான். பூட்டினால் உளுத்துப் போகும். பதியம் போட்டால் பரவும்.

அடுத்த வகுப்பு இதே இடத்தில். வரும்போது உங்கள் கிளை அலமாரியில் கிடக்கும் பழைய சி.டி.க்களையும், அதே கடையில் அடித்த பழைய நோட்டீஸ் ஒன்றையும் எடுத்து வாருங்கள். அந்தப் பையன் மடிக்கணினியோடு வருகிறான். எத்தனை பெயர்கள் உள்ளே அடைபட்டிருக்கின்றன என்று பார்ப்போம். ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவருவோம்.